ஏழு மோதிரக்காரரும் மோதிரம் இல்லாத அணிகளும்

அக்கா மகனுக்குக் கூடைப்பந்து முழுக்க முழுக்கக் கைப்பேசி வழியாக வந்த விளையாட்டு. முழு ஆட்டம் பார்க்கிற பொறுமை கிடையாது, ஆனால் கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் கோப்பையே வெல்லாத அணிகளில் பெரிய அணி எது என்று ஒருநாள் பேச்சு வந்தது. நான் 2002 சாக்ரமென்டோ கிங்ஸ் என்றேன். "போங்க மாமா, 2018 ஹூஸ்டன் ராக்கெட்ஸ் உங்க காலத்து டீம் எதையும் முப்பது பாயிண்ட் வித்தியாசத்துல அடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பதில் சொல்ல வாய் வந்தது, ஆனால் சொல்வதற்கு ஒழுங்கான வாதம் வரவில்லை. கிங்ஸ் அநியாயமாகத் தோற்றது என்பது ஒரு வாதமா? அநியாயமாகத் தோற்றதால் ஒரு அணி பெரிய அணி ஆகிவிடுமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதும், இரவில் படுத்துக்கொண்டு பட்டியல் போடுவதுமாக இருக்கிறேன்.

முதலில் யாரைச் சேர்ப்பது என்று ஒரு வரம்பு வேண்டும். 2016-ல் 73 ஆட்டம் வென்று 9 தோற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்த வருடம் கோப்பையை இழந்தது உண்மைதான், ஆனால் முந்தைய வருடமும் வென்றார்கள், அடுத்த வருடமும் வென்றார்கள். அவர்களுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. 2007-ல் 67 ஆட்டம் வென்ற டல்லாஸ் மேவரிக்ஸ் எட்டாம் இடத்து அணியிடம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. ஆனால் அவர்களின் நட்சத்திரம் நோவிட்ஸ்கி 2011-ல் கோப்பை வென்று கணக்கைத் தீர்த்துவிட்டார். நான் பேசுவது, ஒன்றாகச் சேர்ந்து ஆடிய ஒரு கூட்டம், தன் உச்சத்தில் ஒருமுறைகூட மோதிரம் (கோப்பை வென்றவர்களுக்குக் கொடுப்பது) போடாமல் கலைந்துபோன கதை.

எந்தக் காலத்து விதிப்படி ஆடுவது?

மருமகனின் முப்பது புள்ளிக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி, அதுதான் த்ரீ. மூன்று த்ரீயில் ஒன்று விழுந்தால் போதும், இரண்டு சாதாரண ஷாட்டில் ஒன்று விழுவதற்குச் சமம். இந்தச் சின்னக் கணக்கை முழுசாக நம்பிய முதல் அணி அந்த ராக்கெட்ஸ். ஆட்டத்துக்கு 42 த்ரீ எறிந்தார்கள். ஒரு முழு சீசனில் இரண்டு புள்ளி ஷாட்டைவிட அதிகமாக த்ரீ எறிந்த முதல் அணி அவர்கள்தான். 1997-ல் சிகாகோவோடு மோதிய யூட்டா ஜாஸைக் கொண்டுவந்து இன்றைய ஆடுகளத்தில் இவர்கள் எதிரே நிறுத்தினால், கார்ல் மலோன் இரண்டு இரண்டாகச் சேர்ப்பதற்குள் இவர்கள் மூன்று மூன்றாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சரி, ராக்கெட்ஸை 1997-க்குக் கூட்டிப்போனால்? பந்தோடு வருகிறவரின் இடுப்பில் கை வைத்து வழியை மறிக்க அன்று நிறைய இடம் கொடுத்தார்கள். அதை நிஜமாகவே கறாராகத் தடுத்தது 2004-க்குப் பிறகுதான். ஜேம்ஸ் ஹார்டன் பின்னால் ஓர் எட்டு, இன்னோர் எட்டு வைத்து எறிகிற ஷாட்டுக்கு அன்றைய ரெஃப்ரிகள் விசில் ஊதாமல் விட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். இன்னும் பின்னால் 1979-க்கு முன்னால் போனால் த்ரீ கோடே கிடையாது. ராக்கெட்ஸின் மொத்த தத்துவமும் அங்கே ஆவியாகிவிடும். அதனால் இந்த அணியை அந்த அணி எதிரே நிறுத்திப் பார்ப்பது என்பது, யாருடைய ஊரில் ஆட்டம் என்பதை நாமே தீர்மானித்துவிட்டு, ஊர்க்காரன் ஜெயித்தான் என்று சொல்வதுதான்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு அணியையும் அதன் காலத்து அக்கம்பக்கத்தாரோடுதான் அளக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறுபதுகளின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட் என்று இரண்டு பேர். 1962, 63, 65, 66, 68, 69 என்று ஆறு ஃபைனல்ஸில் ஒரே பாஸ்டனிடம் தோற்றார்கள். 1961-62 சீசனில் பெய்லர் ராணுவப் பணியில் இருந்தார். வார இறுதியில் விடுப்பு வாங்கி வந்து 48 ஆட்டம் ஆடினார், சராசரி 38 புள்ளி. ஏழில் நாலு ஜெயிக்க வேண்டிய அந்த ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டத்தில் 61 புள்ளி எடுத்தார். ஏழாவது ஆட்டம், 100-100, கடைசி விநாடிகளில் ஃபிராங்க் செல்வி எறிந்த ஷாட் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஓவர்டைமில் பாஸ்டன் 110-107. 1969-ல் இன்னும் மோசம். சொந்த ஊரில் ஏழாவது ஆட்டம், வெற்றிக்கு விட வேண்டிய பலூன்களை முன்கூட்டியே கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெஸ்ட் 42 புள்ளி எடுத்தும் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். பெய்லர் முழங்கால் தாங்காமல் 1971 நவம்பரில் விலகினார். அவர் இல்லாத முதல் ஆட்டத்திலிருந்து அதே லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்து, அந்த சீசனில் கோப்பையும் வாங்கியது. இப்படி ஒரு விதியை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டோம். ஆனால் 1962-ல் லீகில் இருந்ததே ஒன்பது அணிகள். ஒன்றிரண்டு தொடர் ஜெயித்தால் ஃபைனல்ஸ். அதை இன்றைய முப்பது அணி, நான்கு சுற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது. எனவே பெய்லருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த காலத்துக்கு வருகிறேன்.

ஹோரி என்ற முழக்கோல்

பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மோதிரம் இல்லாத அணிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதிரே நிற்கிற ஓர் ஆள் மட்டும் மாறவில்லை. ராபர்ட் ஹோரி. 1994, 95-ல் ஹூஸ்டன், 2000, 01, 02-ல் லேக்கர்ஸ், 2005, 07-ல் சான் ஆன்டோனியோ. ஏழு மோதிரம். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற ஆல்ஸ்டார் அணியில் ஒருமுறைகூட இடம்பெற்றதில்லை, வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு ஏழு புள்ளி. பதின்மூன்று வருடம் வித்தியாசமான விதிகளில், வித்தியாசமான ஊர்களில், நான் பட்டியல் போட்டிருக்கும் அணிகளில் பெரும்பாலானவற்றோடு நேருக்கு நேர் ஆடியவர். காலத்தைத் தாண்டி அளக்க ஒரு முழக்கோல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு அது கையும் காலுமாகக் கிடைத்த மாதிரி இருந்தது.

தொண்ணூறுகளின் அணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் குறுக்கே நின்றார் என்பது. சார்லஸ் பார்க்லியின் ஃபீனிக்ஸ் 1993-ல் சிகாகோவிடம் தோற்றது. சியாட்டில் 1996-ல் 64 ஆட்டம் ஜெயித்துவிட்டு, 72 ஜெயித்த சிகாகோவிடம் மாட்டிக்கொண்டது. யூட்டா 1997-லும் 98-லும். எல்லாம் உண்மை. ஆனால் ஜோர்டன் இடையில் பேஸ்பால் ஆடப் போய்விட்டார், அதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1994-ல் அவர் இல்லவே இல்லை. 1995-ல் மார்ச் மாதம்தான் திரும்பி வந்தார், சிகாகோ இரண்டாம் சுற்றோடு சரி. வாசல் திறந்து கிடந்தது. 1994-ல் முதலிடத்தில் இருந்த சியாட்டில், எட்டாம் இடத்து டென்வரிடம் முதல் சுற்றிலேயே விழுந்தது. ஃபீனிக்ஸையும் யூட்டாவையும் அடுத்தடுத்து வீட்டுக்கு அனுப்பியது ஹக்கீம் ஒலாஜுவானின் ஹூஸ்டன். மறு வருடம் அதே ஹூஸ்டன் ஆறாம் இடத்தில் தொடங்கி, 60 ஆட்டம் வென்ற யூட்டா, 59 வென்ற ஃபீனிக்ஸ், 62 வென்ற சான் ஆன்டோனியோ, 57 வென்ற ஒர்லாண்டோ என்று வரிசையாக வீழ்த்தியது. ஃபீனிக்ஸ் அந்தத் தொடரில் 3-1 முன்னிலையில் இருந்தது. ஜோர்டனைக் காரணம் சொல்கிறவர்கள் இந்த இரண்டு வருடத்துக்கு என்ன சொல்வார்கள்?

இதில் ஹோரியின் பங்கு என்ன என்று கேட்டால் ஒரு வேடிக்கை. 1994 பிப்ரவரியில் ஹூஸ்டன் அவரை டெட்ராய்டுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு வரவேண்டிய ஷான் எலியட் மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரகப் பிரச்சினையால் தேறாததால் அந்த மாற்றல் ரத்தானது, ஹோரி திரும்பி வந்தார். அந்த ஜூனில் முதல் மோதிரம். ஒரு மருத்துவ அறிக்கை வேறு மாதிரி வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு முழக்கோலே கிடையாது. 1996-ல் ஹூஸ்டன் பார்க்லியை வாங்குவதற்காக அவரை ஃபீனிக்ஸுக்கே அனுப்பியது. அங்கே ஹோரி கோச் டேனி எய்ஞ்சின் முகத்தில் துண்டை வீசியெறிந்தார், சீக்கிரமே லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார். பார்க்லியோ ஹூஸ்டனில் போய் உட்கார்ந்தும் மோதிரம் வரவில்லை.

யூட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1998 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தில் யூட்டாவின் ஹாவர்ட் ஐஸ்லி எறிந்த ஒரு த்ரீயை, ஷாட் எறிய அணிக்குக் கொடுக்கிற 24 விநாடி தாண்டிவிட்டது என்று ரத்து செய்தார்கள். நேரத்துக்குள் எறிந்தது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. சிகாகோவின் ரான் ஹார்ப்பர் நேரம் தாண்டி எறிந்ததைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம். ஆட்டம் 87-86. சாக்ரமென்டோவுக்காகப் பரிந்து பேசுகிற பாதிப் பேர்கூட இதைப் பேசுவதில்லை. ஜோர்டனின் கடைசி ஷாட் அவ்வளவு அழகாக இருந்ததால் அதன் கீழ் எல்லாம் மறைந்துவிட்டது போலும். ஆனால் யூட்டாவை நான் முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் அதற்கு முந்தைய வருடம். 1997 முதல் ஆட்டம், 82-82, 9.2 விநாடி மீதம், மலோன் கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ, ஃபவுலுக்குக் கிடைக்கிற தடுப்பில்லாத ஷாட். தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்று சிகாகோவின் பிப்பென் பக்கத்தில் வந்து காதில் போட்டுவிட்டுப் போனார். தபால்காரர் என்பது மலோனின் பட்டப்பெயர், அன்று ஞாயிறு. இரண்டும் போயிற்று. பந்து ஜோர்டன் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

டிவாச் தட்டிவிட்ட பந்து

இப்போது 2002. அந்த சீசனில் சாக்ரமென்டோ 61 ஆட்டம் வென்றது, சொந்த ஊரில் 41-க்கு 36. ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் எதிரிகளைத் தாண்டினார்கள். லீகிலேயே அதுதான் அதிகம், லேக்கர்ஸைவிடவும். ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கிற ஸோன் தடுப்பாட்டத்தை லீக் அனுமதித்த முதல் சீசன் அது. ஒரே ஆளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரும் வேடிக்கை பார்க்கிற பாணிக்கு அங்கே கேடு காலம் ஆரம்பித்தது. விலாடே டிவாச், கிறிஸ் வெபர் என்று இரண்டு உயரமான ஆட்கள் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்வழியாக வெட்டி ஓடுவார்கள். துணைக் கோச்சாக இருந்த பீட் கேரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. இன்று டென்வரில் யோக்கிச் ஆடுவதைப் பார்த்து வியக்கிறவர்கள் அந்த டிவாச்சை ஒருமுறை பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத அணி என்று நான் சொல்வது இதைத்தான்.

கோப்பை ஃபைனல்ஸுக்கு முந்தைய சுற்றான மேற்கு ஃபைனல்ஸில் அவர்கள் லேக்கர்ஸை 2-1 என்று முந்தியிருந்தார்கள். நாலாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில். முதல் கால்பகுதி முடிந்தபோது 40-20. முன்னிலை ஒரு கட்டத்தில் 24 புள்ளி. முதல் பாதி முடிகிற விநாடியில் லேக்கர்ஸின் சமாக்கி வாக்கர் தூரத்திலிருந்து எறிந்த த்ரீ மணி அடித்த பிறகு கையைவிட்டுப் போனது, ஆனால் கணக்கில் சேர்ந்தது. படம் பார்த்துச் சரிபார்க்கிற விதி அடுத்த சீசனில்தான் வந்தது. மெல்ல மெல்ல லேக்கர்ஸ் ஏறி வந்தார்கள். கடைசி விநாடிகளில் சாக்ரமென்டோ இரண்டு புள்ளி முன்னால். லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் உள்ளே புகுந்து எறிந்தார், போகவில்லை. அவர்களின் ஷக்கீல் ஓ'நீல் திரும்பப் போட்டார், போகவில்லை. டிவாச் பந்தை வளையத்துக்கு அருகிலிருந்து தள்ளித் தட்டிவிட்டார். பந்து நேராக ஹோரி கையில் வந்து விழுந்தது. த்ரீ. மணி. 100-99.

நான் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டிவாச் செய்தது சரி. ஷக்கீல் பக்கத்தில் நிற்கும்போது பந்தைப் பிடிக்கப் போராடுவதைவிட வெளியே தட்டி நேரத்தைக் கொல்வதுதான் எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுப்பது. அதிர்ஷ்டம் என்றார் டிவாச் ஆட்டத்துக்குப் பிறகு. இதைத்தான் வாழ்க்கை முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன் என்கிற தொனியில் ஹோரி திருப்பிச் சொன்னார். ரொம்ப நாள் நானும் ஹோரி பக்கம்தான் இருந்தேன். மோதிரம் உள்ள அணிகளிடம் ஒரு ஹோரி இருக்கிறார், இல்லாத அணிகளிடம் இல்லை, அதுதான் வித்தியாசம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மருமகனிடம் சொல்ல ஒரு வாதம் கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் 2003 பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கிற சுற்றுகள்) ஆட்டங்களுக்கு வந்தேன். அதே லேக்கர்ஸ், எதிரே சான் ஆன்டோனியோ, தொடர் 2-2, ஐந்தாவது ஆட்டம். 25 புள்ளி பின்தங்கியிருந்த லேக்கர்ஸ் இரண்டு புள்ளி வரை நெருங்கிவிட்டார்கள். கடைசி விநாடிகள். ஹோரி தனியாக நிற்கிறார், பந்து வருகிறது, த்ரீ எறிகிறார். உள்ளே பாதி போய், சுற்றி, வெளியே வருகிறது. முந்தைய வருடத்துக்கும் இதற்கும் எறிந்த கையில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடர் முழுக்க அவர் எறிந்த 18 த்ரீயில் ஒன்றுகூட விழவில்லை. அந்த வருட பிளேஆஃபில் மொத்தம் 38-க்கு 2. லேக்கர்ஸ் வெளியேறினார்கள், அவரையும் கழற்றிவிட்டார்கள். அவரை வாங்கியது யார் தெரியுமா? அவர் அப்படித் தவறவிட்டதால் தப்பித்த அதே சான் ஆன்டோனியோ.

இங்கேதான் என் முழக்கோல் வளைந்தது. ஹோரியிடம் ஏதோ ஒன்று இருக்கிறது, அதனால் ஜெயிக்கிறார் என்றால், அந்த ஏதோ ஒன்று 2003-ல் எங்கே போயிற்று? ஒலாஜுவான், ஷக்கீல், சான் ஆன்டோனியோவின் டங்கன் ஆகியோர் பக்கத்தில் நின்றதால் அவருக்கு நிறையக் கடைசி ஷாட்டுகள் கிடைத்தன. விழுந்தவை நம் நினைவில் தங்கின, விழாதவை தங்கவில்லை. 2002-ல் விழுந்த ஷாட் 2003-ல் சுற்றி வெளியே வந்த மாதிரி வந்திருந்தால் சாக்ரமென்டோ 3-1 முன்னால். அந்த அணியை நாம் இன்று வேறு பட்டியலில் வைத்துப் பேசிக்கொண்டிருப்போம், ஷக்கீல்-கோபி லேக்கர்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கிய அணியாக இருந்திருக்காது. பெரிய அணிகளுக்கு நாம் சூட்டுகிற குணநலன்களில் பாதி, பந்து எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்த பிறகு எழுதப்பட்டவைதான்.

முப்பதில் பதினாறு

இதை எழுதும்போதே, சாக்ரமென்டோ ரசிகர்கள் ஆறாவது ஆட்டத்தை இழுப்பார்கள் என்று தெரியும். இழுக்கட்டும். அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸ் 27 ஃப்ரீ த்ரோ எறிந்தார்கள். டிவாச்சும் ஸ்காட் பொலார்டும் ஃபவுல் கணக்கு முடிந்து வெளியேறினார்கள். கோபியின் முழங்கை சாக்ரமென்டோவின் மைக் பிபியின் மூக்கில் பட்டது. ஃபவுல் கொடுத்தது பிபி மேல். நுகர்வோர் உரிமைக்காகப் போராடுகிற ரால்ஃப் நேடர் லீக் கமிஷனருக்கு விசாரணை கேட்டுக் கடிதமே எழுதினார். ஆறு வருடம் கழித்து, சூதாட்ட வழக்கில் மாட்டிய முன்னாள் ரெஃப்ரி டிம் டோனகி இந்தத் தொடரைக் குறிப்பது போல ஒரு குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் வைத்தார், லீக் மறுத்தது. திட்டமிட்ட சதி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மோசமான ரெஃப்ரி வேலை என்று சொல்ல ஆதாரமே தேவையில்லை, கண் போதும்.

ஆனால் ஏழாவது ஆட்டம் சாக்ரமென்டோவில், சொந்தக் கூட்டத்தின் காது கிழியும் சத்தத்தில் நடந்தது. யாரும் குறுக்கே நிற்காத, கை நீட்டித் தடுக்காத ஃப்ரீ த்ரோ முப்பது கிடைத்தது. பதினாறுதான் போட்டார்கள். சீசன் முழுக்க நாலில் மூன்று போட்ட அணி அது. வழக்கப்படி போட்டிருந்தால் இன்னும் ஆறு புள்ளி. ஆட்டம் 100-100 என்று ஓவர்டைமுக்குப் போயிருக்கவே வேண்டாம். த்ரீ இருபதுக்கு இரண்டு. அந்த வருடம் ஆல்ஸ்டார் விழாவில் த்ரீ போட்டியை ஜெயித்த பேஜா ஸ்டோயாகோவிச், கணுக்கால் காயத்திலிருந்து திரும்பி வந்தவர், ஆட்டம் முடியும் தறுவாயில் யாரும் இல்லாத இடத்திலிருந்து எறிந்த த்ரீ வளையத்தைத் தொடக்கூட இல்லை. எதிரே, ஃப்ரீ த்ரோ என்றாலே கேலிக்கு ஆளாகிற ஷக்கீல் பதினைந்தில் பதினொன்று போட்டார். 112-106. ஓவர்டைமில் முழுக்க பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தவர் பிபி ஒருவர்தான். வெபர்கூடப் பந்து வந்தால் சூடு பட்டது போலத் தள்ளிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோரி ஷாட்டில் எனக்கு அதிர்ஷ்டம் தெரிகிறது. இந்த முப்பதில் பதினாறில் தெரியவில்லை.

ஹூஸ்டனுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். 2018 மேற்கு ஃபைனல்ஸில் வாரியர்ஸை 3-2 என்று முந்தியிருந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் கிறிஸ் பாலின் தொடைத் தசை இழுத்துக்கொண்டது, அவர் திரும்பவே இல்லை. (வாரியர்ஸிலும் இகுவடாலா நாலாவது ஆட்டத்திலிருந்து இல்லை. இதை ஹூஸ்டன்காரர்கள் யாரும் சொல்வதில்லை.) ஏழாவது ஆட்டம் நம் ஊரில் விடிகிற நேரம், பாதி முடிந்தபோது ஹூஸ்டன் 54-43 முன்னால், நானும் காப்பியை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்து 27 த்ரீ தவறியது. மொத்தம் 44-க்கு 7. சீசன் முழுக்க நூற்றுக்கு 36 போட்ட அணிக்கு, அடுத்தடுத்து எறிகிற 27-ம் தவறுவது லட்சத்தில் ஒருமுறைகூட நடக்கக் கூடாதது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கணக்குக்குக் கால் வலிக்காது. அந்தத் தொடரில் ஹூஸ்டன் கடைசியில் ஏழு பேரை வைத்தே சமாளித்தது, பாலும் இல்லை, பந்தைக் கொண்டுபோக ஹார்டன் ஒருவர். களைத்த காலிலிருந்து எறிகிற ஷாட் முன் வளையத்தில்தான் படும், பெரும்பாலும் பட்டது. எறிந்தவர்களில் பலர் நல்ல இடத்தில், தனியாக நின்று எறிந்தார்கள். அதனால் எறியாதே என்று கோச் சொல்லவும் முடியாது. டிவாச் தட்டியது சரி என்றால் இதுவும் சரி.

ஆக என் வரிசை இதுதான். சாக்ரமென்டோ முதலில். தன் காலத்து லீகில் எல்லோரையும்விட, தன்னைத் தோற்கடித்தவர்களையும்விட, சீசன் முழுக்கச் சிறப்பாக ஆடிய அணி. கடைசி நாளில் ஏழாவது ஆட்டத்தைத் தன் ஊரில் கையில் வைத்திருந்த அணி. தோற்றதில் பாதிப் பழி அவர்கள் மேலேயே இருக்கிறது என்பது அவர்களைக் கீழே இறக்கிவிடாது. அடுத்து ஹூஸ்டன், சீசனில் வாரியர்ஸைவிட ஏழு ஆட்டம் அதிகம் ஜெயித்தார்கள் என்றாலும், வாரியர்ஸின் டியுரன்டும் கரியும் சேர்ந்து முழு மூச்சில் ஆடினால் அது வேறு தளம் என்பதை இரண்டு பக்கமும் அறிந்தே இருந்தார்கள். மூன்றாவது யூட்டா. மருமகனிடம் இதைச் சொன்னால் எத்தனை த்ரீ எறிவார்கள் என்று கேட்பான், கேட்கட்டும்.

எனக்கு இன்னும் தீராதது ஸ்டீவ் நாஷின் ஃபீனிக்ஸ். ஹூஸ்டனின் கோச் மைக் டி'அன்டோனிதான் அங்கேயும் கோச். 2003-04-ல் 29 ஆட்டம் ஜெயித்த அணி நாஷ் வந்த அடுத்த சீசனில் 62 ஜெயித்தது. ஆட்டத்துக்கு 25 த்ரீ போல எறிந்தார்கள், லீக் சராசரி 16 கூட இல்லாத காலத்தில். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 2018-ல் லீகின் சராசரியே 29. இன்று யார் ஆடினாலும் அவர்கள் ஆட்டம்தான். ஆனால் மோதிரமும் இல்லை, ஃபைனல்ஸும் இல்லை. 2005-ல் ஜோ ஜான்சனுக்குக் கண்குழி எலும்பு உடைந்து சான் ஆன்டோனியோ தொடரில் முதல் இரண்டு ஆட்டம் இல்லை, அந்தக் கோடையில் அவர் அட்லான்டாவுக்குப் போய்விட்டார். 2006-ல் ஸ்டௌடமயர் முழங்கால் அறுவைச் சிகிச்சையில். 2007-ல் எல்லோரும் நல்லபடியாக இருந்தார்கள். சான் ஆன்டோனியோவோடு நாலாவது ஆட்டத்தை வென்று 2-2 ஆக்கப்போகிற கடைசி விநாடிகளில் ஒருவர் நாஷை இடுப்பால் இடித்து ஸ்கோர் மேசை மேல் தள்ளினார். யார் என்று சொல்லத் தேவையில்லை. ஹோரிக்கு இரண்டு ஆட்டம் தடை. ஆத்திரத்தில் பெஞ்சைவிட்டு நாலு எட்டு வைத்த ஸ்டௌடமயருக்கும் போரிஸ் டியாவுக்கும் ஒரு ஆட்டம் தடை. தள்ளுமுள்ளில் அவர்கள் கலந்துகொள்ளவே இல்லை, ஆனால் விதி விதிதான் என்றது லீக். ஐந்தாவது ஆட்டம் ஃபீனிக்ஸில், 88-85, மூன்று புள்ளியில் தோல்வி. ஆறாவது ஆட்டத்தோடு தொடரும் போனது.

ஏழு மோதிரக்காரர் இந்தத் தொடரை ஷாட் எறிந்து திருப்பவில்லை, இடுப்பால் திருப்பினார். இதை அதிர்ஷ்டம் என்று எழுதுவதா, அநியாயம் என்று எழுதுவதா, பெஞ்சில் உட்காரத் தெரியாத தவறு என்று எழுதுவதா என்று தெரியாததால் ஃபீனிக்ஸுக்கு என் வரிசையில் இடம் எண் எதுவும் போடவில்லை. முழு ஆட்களோடு, முழுத் தொடரும் அவர்கள் ஆடி முடித்த பிளேஆஃப் அந்த மூன்று வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எதை வைத்து அளப்பது?